டிஜிட்டல் கேபிளும் வீடியோ ஒன் டிமாண்டும்: கொழும்பில் பங்கு வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் வரிசையாக நிற்கும் டிஷ்களைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொழிலில் நல்ல காசு இருக்கும்போல" என்று நினைக்காத முதலீட்டாளர் குறைவு. காசு இருக்கிறது, மறுக்கவில்லை. அது பங்குதாரரின் கைக்கு வந்து சேர்கிறதா என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகிறது. டிஜிட்டல் கேபிள் உலகெங்கும் சொன்னபடியே வேலை செய்தது. அதற்கு முதலில் பணம் போட்டவர்களில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

பழைய கேபிளுக்கும் டிஜிட்டல் கேபிளுக்கும் முதலீட்டாளர் கண்ணில் என்ன வித்தியாசம்?

பழைய அனலொக் முறையில் ஒரு சானலுக்குக் கம்பியில் 7 அல்லது 8 மெகாஹேர்ட்ஸ் இடம் வேண்டும். அதே 8 மெகாஹேர்ட்ஸில் டிஜிட்டல் முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 50 மெகாபிட் தரவை அனுப்பலாம். சாதாரணத் தரத்தில் பத்துக்கும் மேற்பட்ட சானல்கள் அதற்குள் அடங்கிவிடும். புதுக் கம்பி இழுக்காமலே விற்பனைச் சரக்கு பத்து மடங்காகிறது.

இன்னொரு ஆதாயத்தை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். சந்தா கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்க ஏணியோடு ஆள் போக வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே, வீட்டில் தொலைக்காட்சியோடு பூட்டிய டிஜிட்டல் பெட்டியை நிறுத்திவிடலாம். கட்டணம் வசூலாகாமல் போகும் தொகை இதனால் குறைகிறது.

மூன்றாவது ஆதாயம் எல்லாவற்றிலும் பெரியது. இருவழிப் போக்குவரத்துக்கு ஏற்றதாகக் கம்பியை மாற்றினால் அதே கம்பியில் இணையத்தையும் விற்கலாம். இதற்கான பொதுத் தரமான டொக்சிஸ் 1997 இல் வந்தது. அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் இன்றுவரை தாக்குப்பிடிப்பதற்குப் படங்களை விட இணையமே காரணம்.

கொழும்பில் கேபிள் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லையே?

சரியாகப் பிடித்தீர்கள். கொழும்பில் கேபிள் கம்பி சில பகுதிகளுக்கு மட்டுமே வந்தது. கட்டணத் தொலைக்காட்சி இங்கே வேறு இரண்டு வழிகளில் பரவியது. டயலொக் நிறுவனம் 2006 இறுதியில் சிபிஎன் சாட் என்ற செய்மதித் தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்கி, அடுத்த ஆண்டில் டயலொக் டிவி என்ற பெயரில் செய்மதிச் சேவையைத் தொடங்கியது. ஸ்ரீ லங்கா டெலிகொம் 2008 இல் தொலைபேசிக் கம்பி வழியாகப் பியோ டிவியைக் கொண்டுவந்தது. பிறகு அது பைபர் இணைப்புகளுக்கும் போனது.

ஆகவே இங்கே "டிஜிட்டல் கேபிள் பங்கு" என்று தனியாக ஒன்றை வாங்க முடியாது. வாங்குவது தொலைபேசி நிறுவனத்தின் பங்கு. தொலைக்காட்சி அதற்குள் ஒரு சிறு அறை.

வீடியோ ஒன் டிமாண்டில் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

சாதாரண ஒளிபரப்பில் ஒரு சானலின் ஒரே பிரதி எல்லா வீட்டுக்கும் போகிறது. பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் செலவில் பெரிய மாற்றம் இல்லை. வீடியோ ஒன் டிமாண்ட், சுருக்கமாக விஓடி, இதைத் தலைகீழாக்குகிறது. நீங்கள் கேட்ட படம் உங்களுக்கென்று தனிப் பிரதியாகப் புறப்பட்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அதே படத்தை ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கினால் அவருக்கு இன்னொரு பிரதி.

கேபிள் வலையமைப்பில் ஒரு முனையை, அதாவது ஒரு வட்டார வீடுகளுக்குக் கம்பி பிரியும் இடத்தை, எடுத்துக்கொள்வோம். அதில் 500 வீடுகள். அவற்றில் 200 வீடுகளில் டிஜிட்டல் பெட்டி இருக்கிறது. வெள்ளி இரவு பத்தில் ஒரு வீடு படம் கேட்டால் ஒரே நேரத்தில் 20 பிரதிகள். படத் தரவைச் சுருக்கும் பழைய எம்பெக்-2 முறையில் ஒரு பிரதிக்கு விநாடிக்கு 3.75 மெகாபிட். முன்பு சொன்ன 8 மெகாஹேர்ட்ஸ், 50 மெகாபிட் இடம் ஒன்றில் 13 பிரதிகள்தான் கொள்ளும். இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். உயர் தெளிவுப் படமென்றால் இன்னும் கூடுதலாக. சேவை வெற்றி பெறப் பெற முனைகளைப் பிரிக்க வேண்டும், சேர்வர்களைக் கூட்ட வேண்டும். மக்கள் விரும்பிப் பார்த்தால் செலவும் கூடவே ஏறுகிறது என்பதை விளக்கப் படங்களில் யாரும் காட்டுவதில்லை.

செய்மதிச் சேவைக்கு வேறு தொல்லை. டிஷ் சைகையை வாங்க மட்டும் செய்யும், திருப்பி அனுப்பாது. உண்மையான விஓடி செய்மதியில் நடக்காது. இரவில் சில படங்களைப் பெட்டியின் வன்தட்டில் இறக்கிவைத்துக் காட்டலாம். இல்லையேல் இணைய இணைப்பைத் துணைக்கு அழைக்க வேண்டும். அதனால்தான் செய்மதிச் சேவை நடத்தும் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு அகலப்பட்டை வலையமைப்பு இருப்பது பெரிய பலம். மழை வேறு இருக்கிறது. செய்மதிச் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைப்பட்டையில் வரும் சைகையை அடைமழை தின்றுவிடும். மாலை இடிமழை நாட்களில் தொடர் நாடகம் பாதியில் உறைந்து நிற்பதை டிஷ் வைத்திருப்பவர்களிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் நிறுவனத்துக்கு எப்போது இலாபம் வரும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

பெட்டிக்கு 12,000 ரூபாய். கம்பி, டிஷ், வேலையாள் கூலி 6,000. ஆக ஒரு வீட்டில் 18,000 ரூபாய் முடங்குகிறது. மாதச் சந்தா வரி நீங்கலாக 1,500. அதில் சானல்காரர்களுக்கு 600, வாடிக்கையாளர் சேவை முதலான செலவுக்கு 300. மிஞ்சுவது 600. போட்ட பணம் திரும்ப 30 மாதம்.

இனி, வாடிக்கையாளர் எவ்வளவு காலம் இருப்பார்? மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர் விலகினால் ஒருவரின் சராசரி ஆயுள் சுமார் 33 மாதம். 30 மாதம் முதலை மீட்பதில் போய்விட, இலாபம் பார்ப்பதற்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல். விலகல் வீதம் இரண்டாகக் குறைந்தால் ஆயுள் 50 மாதம். இலாபக் காலம் 20 மாதமாகிறது. விலகல் வீதம் ஒரு புள்ளி இறங்கியதற்கு இலாபம் ஏறக்குறைய ஆறு மடங்கு. சந்தாதாரர் எண்ணிக்கை கூடியது என்ற செய்திக் குறிப்பைப் பார்த்துத் துள்ளுபவர்கள் இந்த வீதத்தைத் தேடுவதே இல்லை.

அடுத்தது டொலர். பெட்டி இறக்குமதி, வெளிநாட்டுச் சானல் கட்டணமும் பெரும்பாலும் டொலர் கணக்கு. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டதும் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். பெட்டி 21,600 ஆகிறது. சானல் கட்டணம் 1,080. சந்தாவை ஏற்றாவிட்டால் மாதம் மிஞ்சுவது 120 ரூபாய். முடங்கிய பணம் 27,600. திரும்ப 230 மாதம், அதாவது பத்தொன்பது ஆண்டுக்கு மேல். சந்தாவை ஏற்றினால், அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நிற்கும் குடும்பம் முதலில் வெட்டுவது எதை? அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. மின்சாரமே இல்லாத வீட்டில் முற்கொடுப்பனவு அட்டைக்கு யார் ரீலோட் போடுவார்?

இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். தொகைகளை மாற்றிக்கொண்டால் எந்த நாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும்.

இதில் நட்டப்பட்ட பெரிய நிறுவனங்கள் உண்டா?

தாராளமாக. அமெரிக்காவின் டைம் வோர்னர் 1994 டிசம்பரில் புளோரிடாவின் ஓர்லாண்டோவில் "புல் சேர்விஸ் நெட்வேர்க்" என்ற பரீட்சார்த்தச் சேவையைத் தொடங்கியது. கேட்ட படம் கேட்ட நொடியில், இடையில் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், வீட்டிலிருந்தே கடைச் சாமான் வாங்கலாம். இன்று நாம் கைத்தொலைபேசியில் செய்வதெல்லாம் அதில் இருந்தது. சுமார் 4,000 வீடுகள். ஒரு வீட்டுப் பெட்டிக்கே ஆயிரக்கணக்கான டொலர் செலவு. 1997 இல் மூடிவிட்டார்கள். எண்ணம் பிழையில்லை, பெட்டியின் விலை இறங்கும் முன் கடையைத் திறந்துவிட்டார்கள்.

பிரித்தானியாவில் ஐடிவி டிஜிட்டல் என்ற கட்டணத் தொலைக்காட்சிச் சேவை வேறு விதமாக விழுந்தது. இரண்டாம் தரக் காற்பந்துப் போட்டிகளை மூன்று ஆண்டுகள் காட்ட 315 மில்லியன் பவுண் தருவதாக ஒப்பந்தம் செய்தது. பார்க்க ஆள் வரவில்லை. 2002 இல் மூடியது. தாய் நிறுவனங்களிடம் பணம் கேட்டுக் கழகங்கள் நீதிமன்றம் போயின. எழுத்துமூல உத்தரவாதம் இல்லையென்று தோற்றுத் திரும்பின.

எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகப் படுவது என்டிஎல் கதை. பிரித்தானிய நகரங்களில் தெருத் தெருவாகக் கிடங்கு வெட்டிக் கேபிள் புதைத்த நிறுவனம். எல்லாம் கடன். 2002 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. பத்து பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட கடன் பங்காக மாற்றப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் உரிமையாளர் ஆனார்கள். பழைய பங்குதாரர்களுக்கு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. அதே நிலத்தடிக் கம்பி பிறகு டெலிவெஸ்ட் என்ற இன்னொரு கேபிள் நிறுவனத்தோடு இணைந்து, 2007 இல் வேர்ஜின் மீடியா என்று பெயர் மாறி, 2013 இல் லிபேர்ட்டி குளோபலுக்கு இருபது பில்லியன் டொலருக்கும் மேல் விலை போனது. கம்பி கெட்டுப்போகவில்லை. கம்பியைப் புதைக்கப் பணம் போட்டவர்தான் பாதியிலேயே இறக்கிவிடப்பட்டார்.

இந்தியாவில் சட்டம் போட்டே டிஜிட்டல் ஆக்கினார்களே, அங்கே பங்குதாரர் பிழைத்தாரா?

இந்தியா 2011 இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012 இல் பெருநகரங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக எல்லா வீட்டுக்கும் பெட்டியைக் கட்டாயமாக்கியது. அதுவரை உள்ளூர் கேபிள்காரர் நூறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருபது வீட்டுக்குக் கணக்குக் காட்டுவார் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த இரகசியம். பெட்டி வந்தால் உண்மையான எண்ணிக்கை வெளியே வரும், பெரிய விநியோக நிறுவனங்களின் வருமானம் பெருகும் என்று சந்தை நம்பியது.

அப்படியொரு விநியோக நிறுவனமான டென் நெட்வேர்க்ஸ் 2009 இல் பங்கு ஒன்று 195 இந்திய ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. 2018 இல் ரிலையன்ஸ் அதன் பெரும்பான்மையை வாங்கியபோது கொடுத்த விலை 72.66 ரூபாய். ஒன்பது ஆண்டு காத்திருந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதே நாட்களில் இன்னொரு விநியோக நிறுவனமான ஹாத்வேயும் ரிலையன்ஸ் கைக்குப் போனது.

எங்கே பிசகியது? பெட்டியைக் கடன் வாங்கி மானிய விலையில் கொடுத்தார்கள். எண்ணிக்கை வெளியே வந்தது, ஆனால் வீடு வீடாகக் காசு வாங்குபவர் பழைய உள்ளூர்க்காரரே. அவர் தன் பங்கை விட்டுத்தரவில்லை. சானல்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் இறுகி நடுவில் இருந்தவர் நசுங்கினார். தமிழ்நாட்டில் இன்னொரு போட்டியாளரும் சேர்ந்துகொண்டார்: அரசாங்கமே. அரசு கேபிள் நிறுவனம் 2017 இல் டிஜிட்டல் உரிமம் பெற்றுப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. இலவசத்தோடு எந்தத் தனியார் போட்டி போடுவார்?

கொழும்புப் பங்குச் சந்தையில் எவற்றைப் பார்க்கலாம்?

டயலொக் ஆக்சியாட்டா, 2005 முதல் பட்டியலில் இருக்கிறது. ஸ்ரீ லங்கா டெலிகொம், 2003 முதல். வேறு பெயரை யாராவது காதில் ஓதினால் ஆண்டறிக்கையைக் கேளுங்கள்.

இரண்டிலும் சந்தையில் சுழலும் பங்கு குறைவு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். டெலிகொமில் அரசாங்கத்திடம் 49.5 வீதமும் மலேசியப் பின்னணியுள்ள குளோபல் டெலிகொமியூனிகேஷன்ஸ் ஹோல்டிங்ஸிடம் ஏறத்தாழ 45 வீதமும் இருக்கின்றன. மிச்சத்தைத்தான் நாமெல்லாம் பங்கிட்டுக்கொள்கிறோம். டயலொக்கில், 2024 இல் எயார்டெல் லங்காவை இணைத்துக்கொண்ட பிறகு, ஆக்சியாட்டாவிடம் முக்கால் பங்குக்குக் கிட்டவும் பார்தி எயார்டெலிடம் பத்து வீதத்துக்குச் சற்று மேலும் இருக்கின்றன. பெரிய தொகையோடு நுழைபவர் வெளியேறும் நாளையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டறிக்கை முன்னூறு பக்கம். எதைத் திறப்பது?

தலைவரின் செய்தியை விட்டுவிடுங்கள். பளபளப்பான புகைப்படங்களுக்கு அடுத்த வாரமும் நேரம் இருக்கும். நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் பிரிவு வாரியான தகவல் என்று ஒரு அட்டவணை இருக்கும். டயலொக்கின் அறிக்கையில் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி மற்றும் அகலப்பட்டை, தொலைக்காட்சி என்று பிரித்துக் காட்டுவார்கள். தொலைக்காட்சி நிரலில் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். வருமானத்தில் நின்றுவிடாதீர்கள். பெறுமானத் தேய்வைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி, ஏனெனில் வீட்டில் கிடக்கும் பெட்டி தேய்ந்துகொண்டே இருக்கும் சொத்து. வட்டி, வரி, பெறுமானத் தேய்வுக்கு முந்தைய இலாபத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். பெட்டியின் விலை அங்கே காணாமல் போய்விடும்.

டெலிகொமில் தொலைக்காட்சி எஸ்எல்டி விஷன்கொம் என்ற துணை நிறுவனத்தில் இருக்கிறது. துணை நிறுவனங்கள் பற்றிய குறிப்பைப் பாருங்கள். பிறகு ஐந்தொகைக்குப் போய் டொலர்க் கடன் எவ்வளவு என்று தேடுங்கள். இத்தனையும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தாமரைக் கோபுரம் வந்துவிட்டதே, இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தால் கட்டணச் சேவை படுத்துவிடுமா?

ஒளிபரப்புக்கென்று கட்டிய 350 மீட்டர் கோபுரம் 2019 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. பொதுமக்கள் ஏறியது 2022 இல். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு அந்த வேகத்தில் வரவில்லை. முதலில் ஐரோப்பிய டிவிபி-டி2 முறை என்றார்கள். 2014 இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறைக்கு மாறினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வந்தால் அடி விழுவது மலிவுப் பொதிகளுக்கு. தெளிவான ரூபவாஹினிக்காகவும் சக்திக்காகவும் மட்டும் டிஷ் பூட்டியவர் அதைக் கழற்றிவிடுவார். கிரிக்கெட்டுக்கும் இந்தியத் தமிழ்ச் சானல்களுக்கும் காசு கட்டுபவர் அசைய மாட்டார்.

நெட்பிளிக்ஸ் இருக்கும்போது உள்ளூர் விஓடிக்கு என்ன வேலை?

நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் உலகின் 130 நாடுகளில் ஒரே நாளில் கதவைத் திறந்தபோது இலங்கையும் அதில் இருந்தது. அது பெட்டி தருவதில்லை, கம்பி இழுப்பதில்லை. நீங்கள் கட்டிய பைபர் கட்டணத்தின் மேல் ஏறி வருகிறது. முதலீட்டாளர் பார்வையில் இது அவ்வளவு கெட்ட செய்தி இல்லை. கம்பி வைத்திருப்பவருக்குத் தரவுப் பொதி விற்பனையாகிறது. சானல் உரிமைக்கு டொலர் தேட வேண்டிய தலைவலி வேறொருவருக்கு. செய்மதியை மட்டும் நம்பியிருப்பவருக்குத்தான் இது கெட்ட செய்தி.

படம் காட்டும் செயலி நடத்துபவருக்கும் வாழ்க்கை சுகம் என்று எண்ண வேண்டாம். மலேசியாவிலிருந்து ஆசியச் சந்தைகளைக் குறிவைத்து இறங்கிய ஐபிளிக்ஸ் 2020 இல் சீனாவின் டென்சென்டிடம் போனது. சிங்கப்பூரின் ஹூக் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. வரிக் கணக்கும் உண்டு: வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளையும் 18 வீதப் பெறுமதி சேர் வரிக்குள் கொண்டுவரும் திருத்தம் 2025 இல் நிறைவேறியது, நடைமுறைத் திகதி மட்டும் தள்ளிப் போடப்பட்டது.

தமிழ்ப் பார்வையாளர்களை மட்டும் நம்பி ஒரு சேவை நடத்தலாமா?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கேட்டால் நடத்தலாம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு ஐயம். தமிழ் வீடுகள் காசு கட்டுவது சென்னைச் சானல்களுக்கு. அந்த உரிமை இங்குள்ளவர் கையில் இல்லை. உறவினர் வழியாக இந்தியாவில் ரீசார்ஜ் செய்த டிஷ்களும், திருட்டுத்தனமான செயலிகளும் ஏற்கெனவே விலையை அடித்து வைத்திருக்கின்றன. உள்ளூர் நாடகமோ செய்தியோ சொந்தமாகத் தயாரிப்பவருக்கு மட்டும் கொஞ்சம் பிடிமானம் உண்டு.

வட்சப்பில், இணையம் வழியாகப் படம் காட்டும் ஒரு தனியார் ஓடிடி நிறுவனம் பங்கு தருவதாகச் சொல்கிறது. மாதம் ஒரு நிச்சயத் தொகையும் தருவார்களாம்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. பங்குதாரர் எண்ணிக்கையும் 50 ஐத் தாண்டக்கூடாது. வட்சப் குழுவில் இருநூறு பேர் இருந்தால் மேலே கணக்குப் பார்க்கத் தேவையில்லை. பெயரைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் தேடுங்கள். வலையமைப்பு நடத்துவதாகச் சொன்னால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆளைச் சேர்த்தால் தரகு என்றும் சொல்கிறார்களா? அப்படியென்றால் அது வங்கித்தொழில் சட்டம் தடைசெய்த பிரமிட் திட்டமாக இருக்கலாம். ஒரு ரூபாயும் அனுப்பாமல், வந்த செய்திகளின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மத்திய வங்கிக்கு முறையிடுங்கள்.